பிங் போகிறது, கோப்பு போகவில்லை
வலையமைப்புக் கேள்வி பதில்

சென்ற இதழில், "சிஆர்சி பிழை ஏறுகிறது என்றதும் கேபிளை மாற்ற ஓடாதீர்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். (சிஆர்சி என்பது, அனுப்பியது சிதையாமல் வந்து சேர்ந்ததா என்று பார்க்கும் சோதனை எண்.) அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. எழுதியவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் பழைய ஏடிஎம் வலையமைப்புக் கருவிகளைப் பராமரித்துக்கொண்டிருப்பவர்கள். கையேடு அலமாரியில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை. அந்த வேலையைப் பதினான்கு ஆண்டுகள் பார்த்தவன் என்பதால், இந்த மாதப் பக்கங்களை முழுவதுமாக அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஏடிஎம் வலையமைப்பு என்றால் வங்கிப் பணம் எடுக்கும் இயந்திரங்களை இணைக்கும் வலையா? எங்கள் பாடத்தில் ஒரு முழு அலகு வருகிறது. இப்போது யாரும் பயன்படுத்தாத ஒன்றை ஏன் படிக்க வேண்டும்?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: பெயர் மட்டும்தான் ஒன்று. பாடத்தில் வரும் ஏடிஎம், "அசின்க்ரனஸ் டிரான்ஸ்ஃபர் மோட்" என்பதன் சுருக்கம். குரல், படம், கோப்பு என்று எது வந்தாலும் அதை ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கி அனுப்பும் முறை இது. ஒவ்வொரு துண்டுக்கும் செல் என்று பெயர். ஒரு செல்லுக்கு 53 பைட். முதல் 5 பைட் தலைப்பு, மீதி 48 பைட் சரக்கு.

இந்த 48 எங்கிருந்து வந்தது என்று உங்கள் ஆசிரியர் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுகிறேன். 1980களின் இறுதியில் சர்வதேசத் தொலைபேசித் தர அமைப்பான சிசிஐடிடியில் அமெரிக்கத் தரப்பு 64 பைட் வேண்டும் என்றது, ஐரோப்பியத் தரப்பு 32 போதும் என்றது. தொலைபேசிக் குரல் வினாடிக்கு 8,000 பைட். 64 பைட் நிரம்பும்வரை காத்திருந்தால் 8 மில்லி வினாடி போய்விடும். 32 என்றால் 4. காத்திருப்பு கூடக்கூடப் பேசுகிறவர் காதில் அவர் குரலே எதிரொலிக்கும். இழுபறியின் முடிவில் இரண்டுக்கும் நடுவில் 48 என்று முடித்தார்கள். 6 மில்லி வினாடி.

யாரும் பயன்படுத்தவில்லை என்பது சரியல்ல. தொலைபேசிக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணையத்துக்கு அடியில் ஓடுவது இதுதான். 3ஜி கைபேசிக் கோபுரங்களின் முதல் தலைமுறை இதன் மேல்தான் கட்டப்பட்டது. இந்தப் பக்கத்தை முடிவுவரை படியுங்கள், இரண்டும் வருகின்றன.

கேள்வி: ஐயா, எங்கள் பராமரிப்புப் பிரிவில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 155 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. இரு முனையிலும் பழைய ஏடிஎம் ஸ்விட்ச். சர்வரில் ஏடிஎம் கார்டு. பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) நூற்றுக்கு நூறு திரும்பி வருகிறது. கோப்பை நகலெடுக்கத் தொடங்கினால் சில வினாடிகளில் தடுமாறி, 2 எம்பிபிஎஸ்கூட எட்டுவதில்லை. வாங்கும் கணினியில் ஏஏஎல்-5 (பாக்கெட் என்ற தரவுப் பொட்டலங்களைச் செல்களாக வெட்டி, மறுமுனையில் சேர்க்கும் அடுக்கு) சிஆர்சி பிழை ஏறிக்கொண்டே போகிறது. எச்இசி பிழை 0. ஃபைபர் வரிப் பிழைகளும் 0. கார்டை மாற்றினோம், ஃபைபரை மாற்றினோம், பயனில்லை. அந்த இணைப்புக்கு ஸ்விட்சில் 20 எம்பிபிஎஸ் எல்லை வைத்திருக்கிறோம். நாங்கள் அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படுத்தவில்லை. பிறகு ஏன்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட கோவை வாசகர்)

பதில்: எச்இசி பிழை 0 என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் "பிழை வருகிறது" என்று மட்டும் எழுதுவார்கள். எந்தப் பிழை ஏறுகிறது, எது ஏறாமல் நிற்கிறது என்று இரண்டையும் எழுதினால், பாதி நோய் அந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

எச்இசி என்பது செல்லின் தலைப்பில் இருக்கும் ஐந்தாவது பைட். அது தலைப்பை மட்டும் காவல் காக்கிறது; சரக்கைப் பார்ப்பதில்லை. ஃபைபரில் கோளாறு இருந்து பிட்டுகள் சிதைந்தால், அவை சரக்கு எது, தலைப்பு எது என்று பார்த்துச் சிதையா. 53 பைட்டில் 5 பைட் தலைப்பு. அப்படியானால் ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு சிதைவு தலைப்பில் விழுந்தே தீர வேண்டும். சிஆர்சி பிழை ஆயிரக்கணக்கில் ஏறியும் எச்இசி சுழியிலேயே நிற்கிறது என்றால், உங்கள் ஃபைபரில் எதுவும் சிதையவில்லை. புது ஃபைபர் வாங்கிய செலவு வீண்தான், வருத்தமாக இருக்கிறது.

அப்படியானால் சிஆர்சி ஏன் தவறுகிறது? ஏஏஎல்-5 வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். ஒரு பாக்கெட் வந்ததும் அதன் கடைசியில் 8 பைட் வால் ஒன்றை ஒட்டுகிறது. பாக்கெட்டின் நீளமும் 32 பிட் சிஆர்சியும் அந்த வாலில் இருக்கின்றன. பிறகு மொத்தத்தையும் 48 பைட் துண்டுகளாக வெட்டுகிறது. எந்தத் துண்டிலும் வரிசை எண் கிடையாது. கடைசித் துண்டின் தலைப்பில் மட்டும் "இதோடு முடிந்தது" என்று ஒரு பிட் அடையாளம். பக்க எண் போடாத கடிதத்தைப் பக்கத்துக்கு ஓர் உறையாக அஞ்சலில் சேர்ப்பது போன்றது இது. நடுவில் ஓர் உறை வராவிட்டால் வாங்குகிறவருக்குத் தெரியாது. வந்ததைச் சேர்த்து வைத்துப் படிப்பார், பொருள் ஒட்டாது. அந்த "ஒட்டாது" என்பதைத்தான் கவுண்ட்டர் சிஆர்சி பிழை என்று எழுதுகிறது. தொலைந்தது கடைசித் துண்டாக இருந்தால் இன்னும் மோசம்: இந்தப் பாக்கெட்டும் அடுத்த பாக்கெட்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு இரண்டுமே குப்பைக்குப் போகும்.

ஆகவே சிஆர்சி பிழை என்ற சொல்லுக்கு ஏடிஎம்மில் இரண்டு பொருள். ஒன்று, வழியில் சிதைந்தது. மற்றொன்று, வழியில் ஒரு செல் காணாமல் போனது. உங்களுடையது இரண்டாவது.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லி வைக்கிறேன். செல்லின் சரக்கைக் கலைத்து அனுப்பும் ஸ்கிராம்பிளிங் என்ற அமைப்பு ஒரு முனையில் இயங்கி, மறுமுனையில் அணைந்திருந்தாலும் எச்இசி சுழியில் நிற்கும், சிஆர்சி தவறும். கலைப்பது சரக்கை மட்டும்; தலைப்பைத் தொடுவதில்லை. ஆனால் அப்போது ஒரு பாக்கெட்கூடத் தப்பாது. பிங்கும் போகாது. உங்களுக்குப் பிங் போகிறது.

இனி, செல் எங்கே தொலைகிறது? நீங்களே வைத்த அந்த 20 எம்பிபிஎஸ் எல்லையில்தான்.

கையில் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செல் 424 பிட். 20 எம்பிபிஎஸ் என்றால் வினாடிக்கு 47,169 செல். அதாவது 21 மைக்ரோ வினாடிக்கு ஒன்று. உங்கள் சர்வர் கார்டில் எந்த எல்லையும் வைக்கவில்லை என்று ஊகிக்கிறேன். எல்லை வைக்காத கார்டு, அனுப்ப ஒன்று கிடைத்ததும் முழு வேகத்தில் கொட்டும். 155.52 எம்பிபிஎஸ் இணைப்பில் சட்டகச் செலவு (இணைப்பு தன் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்ளும் பங்கு) போக 149.76 மிஞ்சுகிறது, அது வினாடிக்கு 3,53,207 செல். 2.8 மைக்ரோ வினாடிக்கு ஒன்று. 1,500 பைட் பாக்கெட் ஒன்று, முன்னால் ஒட்டும் 8 பைட்டும் பின்னால் ஒட்டும் 8 பைட்டும் சேர்த்து 32 செல்லாகிறது. இந்த 32 செல்லும் 91 மைக்ரோ வினாடிக்குள் ஸ்விட்சின் வாசலில் வந்து குவிகின்றன. ஒப்பந்தப்படி அவை வந்து சேர 678 மைக்ரோ வினாடி ஆகியிருக்க வேண்டும்.

ஸ்விட்ச் உங்கள் சராசரியைப் பார்ப்பதில்லை. ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கிறது. கொஞ்சம் முந்தி வந்தால் பொறுத்துக்கொள்ள ஒரு சகிப்பு அளவு வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் அந்தச் செல்லை அங்கேயே வீசிவிடும். வழக்கமான 56 பைட் பிங் எல்லாம் சேர்த்து மூன்றே செல். சகிப்புக்குள் அடங்கி, நூற்றுக்கு நூறு போய்ச் சேர்கிறது. கோப்பு நகல் தொடங்கும்போது முதல் ஒன்றிரண்டு பாக்கெட் தப்பிக்கிறது. கோப்பைக் கொண்டுசேர்க்கும் நெறியான டிசிபி, நம்பிக்கை கொண்டு நான்கு, எட்டு என்று சேர்த்து அனுப்புகிறது. வாசலில் வெட்டு விழுகிறது. டிசிபி பயந்து பின்வாங்கிக் காத்திருக்கிறது. மறுபடி முதலிலிருந்து. நீங்கள் பார்த்த 2 எம்பிபிஎஸ் இந்தத் தடுமாற்றத்தின் சராசரி. எல்லையில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படுத்தாமலேயே எல்லையை மீறிக்கொண்டிருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது: சர்வர் கார்டில் அந்த விசி-க்கு (இணைப்புக்குள் உங்களுக்கான வழித்தடம்) உச்ச வேகம் என்று ஓர் இடம் இருக்கும். பிசிஆர் என்று எழுதியிருப்பார்கள். அதில் வினாடிக்கு 46,000 செல் என்று வையுங்கள். எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். சரியாக எல்லையிலேயே வைக்காதீர்கள். இரண்டு முனையிலும் வையுங்கள், ஒன்றில் மட்டும் வைத்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள். அதோடு ஸ்விட்சில் முன்கூட்டியே முழுப் பாக்கெட்டைக் கைவிடும் வசதி, ஈபிடி என்று இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். அலின் ரோமனோவும் சாலி ஃப்ளாய்டும் 1990களின் நடுவில் ஆராய்ந்து சொன்ன வழி அது. ஒரு செல்லை இழந்த பாக்கெட்டின் மீதிச் செல்கள் இணைப்பை அடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்து என்ன பயன்? ஸ்விட்சின் பஃபர் (செல்கள் காத்திருக்கும் நினைவிடம்) நிரம்பத் தொடங்கும்போதே ஒரு பாக்கெட்டை முழுதாக விட்டுவிட்டால் மற்றவை பிழைக்கும்.

அந்த எண்ணை வைக்கும்போது ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: எந்த அலகில் கேட்கிறது? இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டதால் விரிவாகவே சொல்கிறேன்.

1999இல் சிங்கப்பூரில் இருந்தேன். அங்கே அப்போது ஏடிஎம்தான் எல்லாம். ஒரு கல்வி நிறுவனத்தின் இரண்டு வளாகங்களுக்கு நடுவே 10 எம்பிபிஎஸ் வாடகை இணைப்பு. புதிதாகப் போட்டது. பிங் அருமை. கோப்பு ஊர்ந்தது. சிஆர்சி பிழை நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில். இரண்டு நாள் முழுக்க ஃபைபரைத் துடைத்தேன், பேட்ச் கேபிளை மாற்றினேன், ஓர் இரவு லேசர் கார்டையே கழற்றி மாட்டினேன். மூன்றாம் நாள் மாலை என் மேலாளர் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை என் மடியில் வைத்து, "எதையும் தொடாமல் ஒரு மணி நேரம் எழுது" என்றார்.

எழுதினேன். கோப்பு நகலை நிறுத்திவிட்டு, யுடிபியில் (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பும் நெறி) ஒரே சீரான வேகத்தில் 1,500 பைட் பாக்கெட்டுகளை அனுப்பும் நிரலை ஓட்டினேன். 2 எம்பிபிஎஸ், பத்து நிமிடம்: பிழை 0. 4: பிழை 0. 6: பிழை 0. 8: பிழை 0. பத்து நிமிடத்துக்கு ஒரு வரியாக நான்கு சுழிகள் ஒன்றன்கீழ் ஒன்று. பிறகு 9 என்று மாற்றினேன். திரையில் இருந்த எண்ணை எழுதி முடிப்பதற்குள் அது மாறிவிட்டது. அனுப்பியவற்றில் பாதிக்கு மேல் போய்ச் சேரவில்லை.

ஃபைபர் பழுதானால் இப்படி நடக்காது. அழுக்கு ஃபைபர் 2 எம்பிபிஎஸ்ஸிலும் கொஞ்சம் கெடுக்கும், 8இல் அதைப்போல நான்கு மடங்கு கெடுக்கும். மேடாக ஏறும். என் நோட்டில் இருந்தது சுவர். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் யாரோ நின்று வெட்டுகிறார்கள்.

கணக்குப் போட்டேன். தொலைத்தொடர்பு நிறுவனம் 10 எம்பிபிஎஸ் என்று விற்றது தலைப்பையும் சேர்த்து எண்ணி: வினாடிக்கு 23,584 செல். எங்கள் ரவுட்டரில் நான் 10,000 கேபிபிஎஸ் என்று தட்டியிருந்தேன். அந்த ரவுட்டரோ சரக்கை மட்டும் எண்ணியது: ஒரு செல்லுக்கு 384 பிட். ஆகவே அது வினாடிக்கு 26,041 செல்வரை அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. 9 எம்பிபிஎஸ் சோதனையில் வினாடிக்கு 750 பாக்கெட், 24,000 செல். எல்லையை மீறியது 416 செல், நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஆனால் ஏறத்தாழ 58 செல்லுக்கு ஒன்று என்று வெட்டு விழும்போது, 32 செல் கொண்ட பாக்கெட்டுகளில் பாதிக்கு மேல் வெட்டுப்படும். எல்லாம் பொருந்தியது. ரவுட்டரில் 10,000 என்பதை 9,000 ஆக்கினேன். செல் கணக்கில் 23,437. கவுண்ட்டர் நின்றது. கோப்பு வேகம் 8.5 எம்பிபிஎஸ்ஸுக்குச் சற்று மேல் போய் அங்கேயே நிலைத்தது. வேகத்தைக் குறைத்தால்தான் வேகம் வந்தது.

அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோவை நண்பரே, நீங்களும் எதையும் மாற்றுவதற்கு முன் இதே சோதனையைச் செய்து, எந்த வேகத்தில் சுவர் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள். எண்களோடு எழுதுங்கள்.

கேள்வி: எங்களுக்கு ஒரு பிழைகூட இல்லை. எல்லாக் கவுண்ட்டரும் 0. சென்னையிலிருந்து வெளிநாட்டுக் கிளைக்கு 34 எம்பிபிஎஸ் இணைப்பு. ஆனால் ஒரு கோப்பு 7 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போவதில்லை. போய்வரும் நேரம் 70 மில்லி வினாடி.
(வாசகர், சென்னை)

பதில்: இது ஏடிஎம்மின் குற்றமே இல்லை. பழைய டிசிபி, பதில் வராமல் 65,535 பைட்டுக்கு மேல் அனுப்பாது. 65,535 பைட்டை 70 மில்லி வினாடிக்கு ஒரு முறை அனுப்பினால் 7.5 எம்பிபிஎஸ், நீங்கள் பார்ப்பது அதுவே. இதைத் தீர்க்க 1992இலேயே ஆர்எஃப்சி 1323 என்ற இணையத் தர ஆவணம் வந்துவிட்டது. இரு முனைக் கணினிகளிலும் விண்டோ ஸ்கேலிங்கை (பதில் வராமல் அனுப்பும் அளவைப் பெரிதாக்கும் வசதி) இயக்கி, பஃபரை 300 கிலோபைட்டுக்கு மேல் வையுங்கள். இணைப்பைத் தொட வேண்டாம்.

கேள்வி: ஸ்விட்சில் ஒரு கார்டு பழுதானது. மாற்றுக் கார்டு போட்ட நாளிலிருந்து எச்இசி பிழையும் பி2 பிழையும் (ஃபைபர் வரியில் எண்ணப்படும் பிட் பிழை) சேர்ந்தே ஏறுகின்றன. இரண்டு கருவிகளும் ஒரே அறையில், பத்து மீட்டர் மஞ்சள் பேட்ச் கேபிளில் இணைந்திருக்கின்றன. புதுக் கார்டு முந்தையதைவிட விலை கூடியது, தொலைதூர வகை. அதில் எப்படிப் பிழை வரும்?
(வாசகர், பெங்களூரு)

பதில்: தொலைதூர வகை என்பதால்தான் வருகிறது. அறைக்குள் பேச ஒலிபெருக்கி வைத்த மாதிரி ஆகிவிட்டது. நாற்பது கிலோமீட்டர் போவதற்கென்று செய்த 155 எம்பிபிஎஸ் லேசர் 0 முதல் மைனஸ் 5 டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) வரை ஒளி வீசும். அதன் எதிரே இருக்கும் அதே வகை ரிசீவர் மைனஸ் 34 வரை மங்கலான ஒளியையும் படித்துவிடும். ஆனால் மைனஸ் 10ஐத் தாண்டிய வெளிச்சத்தில் கண் கூசிப் பிட்டுகளைத் தவறாகப் படிக்கும். பத்து மீட்டர் கேபிள் எதையும் குறைப்பதில்லை. பவர் மீட்டரை மாட்டி அளந்து பாருங்கள். மைனஸ் 3 என்று காட்டினால் ஒளியைக் குறைக்கும் 10 டிபி அட்டெனுவேட்டர் ஒன்றைச் செருகுங்கள். மைனஸ் 13 ஆகி நடுவாந்தரத்தில் உட்கார்ந்துவிடும். இரு திசைக்கும் தனித்தனியாக வேண்டும். மறுமுனையில் வேறு வகைக் கார்டு இருந்தால் அதன் எல்லையை அதன் கையேட்டில் பாருங்கள். அது இன்னும் முன்னதாகவே கூசக்கூடும்.

அளவு சரியாக இருந்தும் பிழை நிற்கவில்லை என்றால் முனையைத் துடையுங்கள். சிங்கிள் மோட் ஃபைபரில் ஒளி போகும் நடுப்பகுதி 9 மைக்ரான் அளவுதான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பசை போதும் அதை மறைக்க. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியால் ஒரே திசையில் ஒரு இழுப்பு. பிறகு உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு. வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி படியும். லேசரை அணைக்காமல் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே பிடிக்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

இன்னொன்று. பி1, பி2, பி3 என்ற மூன்று கவுண்ட்டர்களையும் சேர்த்தே பாருங்கள். பி1 பக்கத்துக் கருவிவரை, பி3 முனையிலிருந்து முனைவரை. பி1 சுழியில் நிற்க பி3 மட்டும் ஏறினால், உங்கள் அறையில் கோளாறு இல்லை. நடுவில் இருக்கும் வாடகை வலையில் எங்கோ இருக்கிறது. அப்போது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்து, நேரம் குறித்த இந்த எண்களைப் படித்துக் காட்டுங்கள். "வேகமே இல்லை சார்" என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவரால் எதுவும் செய்ய முடியாது.

கேள்வி: வளைகுடாவில் கைபேசிக் கோபுரங்களைப் பராமரிக்கிறேன். ஒரு 3ஜி கோபுரத்துக்கு மைக்ரோவேவ் வழியாக நான்கு ஈ1 (தொலைபேசி வலையின் ஒரு வகை எண்ணிம இணைப்பு) இணைப்புகளைச் சேர்த்து ஐஎம்ஏ குழுவாக வைத்திருக்கிறோம். நான்கும் பச்சை விளக்கு. ஆனால் இணைய வேகம் மிகக் குறைவு, வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்கள்.
(வாசகர், மஸ்கட்)

பதில்: பச்சை விளக்கை நம்பாதீர்கள் தம்பி. ஐஎம்ஏ, செல்களைச் சீட்டு போடுவதுபோல நான்கு கம்பிகளுக்கும் மாற்றி மாற்றி ஒன்றொன்றாகப் பங்கிடுகிறது (ஈ1 ஒவ்வொன்றையும் கம்பி என்கிறேன்). ஒரு பாக்கெட்டின் 32 செல்லில் எட்டு எட்டாக நான்கு கம்பியிலும் போகின்றன. ஒரே ஒரு கம்பி லேசாகக் கெட்டிருந்தாலும் எல்லாப் பாக்கெட்டுக்கும் அதில் எட்டுச் செல் இருக்கிறது. கம்பி முழுதாக அறுந்திருந்தால் குழு அதைக் கழற்றிவிட்டு மூன்றில் நன்றாகவே ஓடும். அரைகுறையாகக் கெட்டதுதான் எல்லோரையும் கெடுக்கும்.

ஈ1 ஒவ்வொன்றிலும் ஏடிஎம்முக்குக் கிடைப்பது 1.92 எம்பிபிஎஸ், வினாடிக்கு 4,528 செல். நான்கு கம்பிகளின் எச்இசி கவுண்ட்டரையும் கால் மணி நேர இடைவெளியில் இரண்டு முறை குறியுங்கள். ஒன்று மட்டும் ஏறியிருந்தால், அதை நீங்களே குழுவிலிருந்து எடுத்துவிட்டு வேகத்தைப் பாருங்கள். நாலிலிருந்து மூன்றாகக் குறைத்ததும் வேகம் கூடினால் சந்தேகமே வேண்டாம். அந்தக் கம்பியின் இணைப்பு முனையில் பச்சைக் களிம்பு படிந்த ஊசி இருக்கிறதா, மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நான்கும் சமமாக, சீரான இடைவெளியில் ஒரு பிழை என்று ஏறினால் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள்: இரு முனையும் தத்தம் கடிகாரத்தில் ஓடினால் இடையிடையே ஒரு சட்டகம் நழுவும். ஒரு முனை கொடுக்க வேண்டும், மற்றது அதை வாங்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் ஏடிஎஸ்எல் இணையம். மோடம் 2,048 கேபிபிஎஸ் என்று காட்டுகிறது. அப்படியானால் வினாடிக்கு 256 கிலோபைட் இறங்க வேண்டும். 219க்கு மேல் ஏறுவதே இல்லை. ஏமாற்றுகிறார்களா? மோடத்தில் 8/35 என்று ஓர் எண் இருக்கிறது. அதை மாற்றிப் பார்க்கலாமா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: அந்த எண்ணைத் தொடாதீர்கள். அது விபிஐ, விசிஐ. உங்கள் மோடத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு செல்லின் தலைப்பிலும் எழுதப்படும் வழித்தட எண். இலங்கை டெலிகாமில் 8/35, இங்கே பிஎஸ்என்எல்லில் 0/35. மாற்றினால் செல்கள் போய்ச் சேர இடமில்லாமல் இணைப்பு அறுந்துவிடும், வேகம் கூடாது.

ஏமாற்றவும் இல்லை. நீங்கள் சொன்ன 219ஐப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் கணக்கு அங்கேதான் வந்து நிற்கிறது. உங்கள் கணினிக்கு வரும் பெரிய பாக்கெட் 1,492 பைட். அதில் கோப்பின் சரக்கு 1,452. மீதி 40 டிசிபி, ஐபி தலைப்புகள். அதன்மேல் பிபிபிஓஈ (இணையத்துக்குள் நுழையும் நெறி) 8, ஈதர்நெட் 14, ஏடிஎம் உறை 10, வால் 8. கூட்டினால் 1,532. 48ஆல் வகுத்தால் 31.9, ஆகவே 32 செல். கம்பியில் போவது 32 பெருக்கல் 53, அதாவது 1,696 பைட். 1,452 பைட் சரக்குக்கு 1,696 பைட் வண்டிச்சத்தம். 256ஐ இந்த விகிதத்தில் பெருக்கிப் பாருங்கள்: 219. உங்கள் கம்பியில் ஒரு செல்கூடத் தொலையவில்லை. அவ்வளவு சுத்தமான இணைப்பு யாழ்ப்பாணத்தில் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. மழைக்காலத்தில் இந்த 219 இறங்கினால் மட்டும் எழுதுங்கள். அப்போது மோடத்தின் எச்இசி பிழை எண்ணையும் குறித்து அனுப்புங்கள்.